'2.0' படத்தில் பட்சிராஜனுக்கு நேர்ந்த அநீதி

'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக வந்த '2.0' நல்ல அறிபுனை (அறிவியல் புனைவு) படம்தானா, அதன் பலம் எது, பலவீனம் எது, அதில் சொல்லப்படும் அறிவியல் எந்த அளவுக்கு நிற்கும் என்பது கேள்வி. எனக்கு இது சும்மா கடந்துபோகக்கூடிய கேள்வி இல்லை. பள்ளி நாட்களிலிருந்து அறிபுனைக் கதைகளைத் தேடிப் படித்து வருகிறேன். விடுமுறை கிடைத்தால் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போய்விடுவேன். இந்த இரண்டு உலகங்களும் ஒரு பெரிய தமிழ்ப் படத்தில் சேர்ந்து வந்தது 2018 நவம்பர் 29 அன்றுதான். அன்றிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். '2.0' கையில் எடுத்த கரு, 'எந்திரன்' எடுத்த கருவைவிடப் பெரியது, புதியது. ஆனால் அந்தக் கருவைக் கடைசிவரை தூக்கிச் செல்லும் துணிச்சல் படத்துக்கு இல்லாமல் போனது. அதன் பலம் பலவீனம் இரண்டுமே, பறவைகளுக்காக உயிரைவிட்டு, செத்த பின் கைப்பேசிகளாலான பறவையாகப் பழிவாங்க வரும் பட்சிராஜன் என்ற ஒரே பாத்திரத்தில்தான் இருக்கின்றன.

முதல் படத்தில் எது உயிராக இருந்தது என்று பார்த்தால்தான் இரண்டாவது எங்கே தவறியது என்று புரியும். 2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் பிரம்மாண்டமான இறுதிச் சண்டையைத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதன் மையம் தீ விபத்துக் காட்சி. எரியும் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது, விஞ்ஞானி வசீகரன் உருவாக்கிய ரோபோ சிட்டி. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வருகிறது. உயிர் பிழைத்த அந்தப் பெண், ஊரே பார்க்க ஆடையின்றி நின்ற அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். இட்ட பணியைப் பிழையில்லாமல் செய்த இயந்திரம் ஒரு சாவுக்குக் காரணமாகிறது. மானம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியவில்லை. அதைக் கற்பிக்கப் போனால் ஆசையும் பொறாமையும் சேர்ந்து வருகின்றன. கற்பிக்காமல் விட்டால் இப்படி ஆகிறது. மனிதனுக்கு உதவ ஒரு இயந்திரத்தை உருவாக்கினால் அதற்கு எவ்வளவு மனிதத்தன்மையைக் கொடுக்கலாம் என்ற கேள்வியை, ஒரு வரி வசனம்கூட இல்லாமல் அந்த நிகழ்ச்சி எழுப்பிவிடுகிறது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சியில் அரங்கமே அமைதியானதற்குக் காரணம், இடையில் இரண்டு மணி நேரம் அந்தக் கேள்வி நமக்குள் வேலை செய்திருந்ததுதான்.

தொடர்ச்சிப் படம் இங்கிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். தன்னைத் தானே பிரித்துப்போட்ட ஒரு மனம் மீண்டும் விழித்தெழுகிறது. அது என்ன நினைக்கும்? தன்னை உருவாக்கியவர் மீது அதற்குக் கோபம் இருக்குமா? வசீகரனின் காதலியான, தானும் ஆசைப்பட்ட சனாவை நினைவிருக்குமா? தன் கையால் நடந்த சாவுகளுக்காக வருந்துமா? '2.0' இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நகரத்துக்கு ஆபத்து வருகிறது, ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது, அருங்காட்சியகத்தில் கிடந்த பாகங்கள் பொருத்தப்படுகின்றன, சிட்டி எழுந்து சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. ஓர் ஆயுதத்தை உறையிலிருந்து உருவுவதுபோல அவ்வளவு சுலபமாக அது நடக்கிறது. சனாவோ தொலைபேசியில் கேட்கும் குரலாகச் சுருங்கிவிடுகிறாள்.

இதைவிட என்னை வருத்தியது சிவப்புச் சில்லு. முதல் படத்தில் வில்லனான விஞ்ஞானி போரா சிட்டிக்குள் வைத்த அந்தச் சில்லுதான் எல்லா அழிவுக்கும் மூலம். எத்தனை உயிர்களை அது குடித்தது என்று பார்த்தோம். இரண்டாவது படத்தில் சிட்டி தோற்றுச் சிதறியதும், வசீகரனின் உதவியாளரான பெண் ரோபோ நிலா அதே சில்லைப் பொருத்தி அந்தக் கொடூர வடிவத்தை வரவழைக்கிறாள். அரங்கில் விசில் பறக்கிறது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கொடூரம் இப்போது யாரையும் காயப்படுத்துவதில்லை. நம் பக்கம் நின்று எதிரியை மட்டும் அடிக்கும் கொடூரமாக அது பழகிப்போயிருக்கிறது. முதல் படம் எச்சரிக்கையாகக் காட்டியதை இரண்டாவது படம் கொண்டாட்டமாக மாற்றிவிட்டது. தொடர்ச்சிப் படங்களுக்குப் பொதுவாக நேரும் விபத்து இது: முந்தைய படத்தில் மக்கள் கைதட்டிய இடங்களை எடுத்துக்கொள்வார்கள், அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருந்த பயத்தை விட்டுவிடுவார்கள்.

பலங்களில் முதலில் சொல்ல வேண்டியது கைப்பேசிகள். நம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு பொருளையே அரக்கனாக்கியது அபாரமான கற்பனை. ஒரு நாள் ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கையை விட்டு வானத்துக்குப் பறந்துவிடுகின்றன. அதன்பின் அவை நீர்போலத் தரையில் ஓடி வருகின்றன, செதில்கள்போல அடுக்கிக்கொள்கின்றன, இறகுகளாக விரிந்து மாபெரும் பறவையாக எழுகின்றன. ஆயிரக்கணக்கான திரைகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து அணையும்போது உயிருள்ள ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல இருக்கிறது. கதையின் கருத்தும் காட்சியின் வடிவமும் இப்படி ஒன்றாகிவிடுவது எந்த மொழிப் படத்திலும் அரிதாகத்தான் அமையும். பறவைகளைக் கொன்றதாகப் படம் குற்றம்சாட்டும் பொருள்களே பறவையின் உடலாகின்றன. படத்தைத் தொடக்கத்திலேயே முப்பரிமாணத்துக்கென்று படம்பிடித்ததன் பலன் இந்தக் காட்சிகளில் முழுமையாகத் தெரிகிறது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு, சீனிவாஸ் மோகனின் வரைகலை மேற்பார்வை, ரசூல் பூக்குட்டியின் ஒலி மூன்றும் சேர்ந்து அரங்கத்தையே அந்தப் பறவையின் கூடாக்கிவிடுகின்றன. வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள் இந்தப் படத்தின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

இறுதிச் சண்டையில் இந்தப் புதுமை குறைந்துவிடுகிறது. பல சிறு உருவங்கள் சேர்ந்து ஒரு பேருருவமாவது 'எந்திரன்' உச்சக்காட்சியிலேயே பார்த்ததுதான். அங்கே ரோபோக்கள், இங்கே கைப்பேசிகள். விளையாட்டரங்கில் நடக்கும் அந்த மோதல் நீண்டுகொண்டே போகிறது.

அடுத்த பலம் பட்சிராஜன். அக்‌ஷய் குமாருக்கு இது முதல் தமிழ்ப் படம். கனமான ஒப்பனைக்குள்ளிருந்து அவர் கண்களாலேயே நடிக்கிறார். முன்கதையில் வரும் அந்த முதியவரின் தோற்றம் பறவையியல் அறிஞர் சலீம் அலியை நினைவூட்டாமல் இருக்காது. மெலிந்த தேகம், நரைத்த தாடி, கழுத்தில் தொங்கும் பைனாகுலர். பிறந்தபோது மூச்சில்லாமல் கிடந்த குழந்தை ஒரு சிட்டுக்குருவியின் தீண்டலில் உயிர்பெறுவதும், அவர் பறவைகளுக்காகவே வாழ்வதும், பறவைகள் கண்ணெதிரே செத்து விழுவதும், மனு கொடுத்தும் கெஞ்சியும் வழக்குப் போட்டும் தோற்று ஒரு கோபுரத்தில் தூக்கில் தொங்குவதும் அந்த முன்கதையில் வருகின்றன. இந்த இருபது நிமிடங்களை எப்போது பார்த்தாலும் என் நெஞ்சு கனத்துவிடும். ஏ.ஆர். ரஹ்மான் இசையில், மறைந்த நா. முத்துக்குமார் எழுதிய 'புள்ளினங்காள்' பாடலில் பம்பா பாக்யாவின் கனத்த குரல் ஒலிக்கும்போது, 'புள்' என்ற பழைய சொல் ஒரு வணிகப் படத்தின் நடுவே உயிரோடு எழுந்து வருகிறது. ஆண்டாள் 'புள்ளும் சிலம்பின காண்' என்று பாடிய அதே புள். எத்தனை பிள்ளைகள் அந்தச் சொல்லை முதன்முதலில் இந்தப் பாடலில்தான் கேட்டிருப்பார்கள்!

அறிவியலுக்கு வருகிறேன். படம் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன், இந்தியக் கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. கைப்பேசிகளையும் கோபுரங்களையும் பற்றி அறிவியலுக்குப் புறம்பான எண்ணங்களைப் படம் பரப்புகிறது என்பது அவர்கள் வாதம். சொந்த நலனுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் சிட்டுக்குருவி விஷயத்தில் உண்மை அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. கைப்பேசிக் கோபுரங்களால்தான் குருவிகள் அழிந்தன என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பிரிட்டனில் சிட்டுக்குருவிகளின் சரிவு 1970களின் பிற்பகுதியிலேயே பதிவாகத் தொடங்கிவிட்டது. அங்கே கைப்பேசிச் சேவை வந்ததே 1985இல்தான். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளியான விரிவான அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருவதாகவும் சொன்னது. நகரத்தில் அவை குறைவதற்கு எளிமையான காரணங்களையே பறவையியலாளர்கள் முன்வைக்கிறார்கள். ஓட்டு வீடுகளின் இடுக்குகள் போய், கூடு கட்ட இடமில்லாத வழவழப்பான சுவர்கள் வந்துவிட்டன. குஞ்சுகளுக்கு ஊட்டப் புழுவும் பூச்சியும் கிடைப்பதில்லை.

அதற்காக மின்காந்த அலைகளுக்கும் பறவைகளுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. வலசை போகும் ராபின் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசையறியும். அந்த வளாகத்தின் மரக் கூடங்களில் வைத்துச் சோதித்தபோது அவற்றால் திசையறிய முடியவில்லை. கூடங்களை அலுமினியத் தகடுகளால் மூடி, தகடுகளை நில இணைப்பு (எர்த்திங்) செய்ததும் திசையறிவு திரும்பியது. நகரத்தின் மின் கருவிகளும் வானொலி ஒலிபரப்பும் உண்டாக்கும் மெல்லிய மின்காந்த இரைச்சலே போதும், பறவையின் திசைகாட்டி குழம்பிவிடும் என்று 2014இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். அந்த இரைச்சல் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. கைப்பேசிகள் இயங்குவதோ பல நூறு மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும். ஆகவே இந்த ஆய்வைக் காட்டிக் கைப்பேசிக் கோபுரத்தைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அலைகள் ஒரு பறவையை வழிதவறச் செய்யும் என்ற அடிப்படை எண்ணம் வெறும் கட்டுக்கதை இல்லை.

அறிபுனைக்கு இவ்வளவு போதும் என்பேன். நடந்ததை அப்படியே சொல்ல அறிபுனை எழுதுவதில்லை. இருக்கும் ஒரு விதையை எடுத்து, இது மரமானால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் அதன் வேலை. கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்ற ஒரு பொய்யைப் படம் கேட்டிருந்தால் மனமாரக் கொடுத்திருப்பேன். அதன்மேல் இன்னொரு பொய்யைக் கேட்டதுதான் எனக்குச் சிக்கலானது.

அந்த இரண்டாவது பொய் 'ஆரா'. இறந்த பட்சிராஜனின் எதிர்மறை ஆற்றலும், செத்த பறவைகளின் ஆற்றலும் ஒன்றுசேர்ந்து கைப்பேசிகளை இயக்குவதாக வசீகரன் விளக்குகிறார். நுண் ஒளித்துகள் என்றெல்லாம் சொற்கள் வருகின்றன. உயிர்களைச் சுற்றி ஒளிவட்டம் இருப்பதற்குச் சான்றாக உலகெங்கும் காட்டப்படுபவை கிர்லியன் படங்கள். உயர் மின்னழுத்தத்தில் ஒரு பொருளின் ஓரத்தில் நிகழும் மின் கசிவையே அவை பதிவு செய்கின்றன. ஈரப்பதம் மாறினால் அந்த ஒளியும் மாறும். ஒரு நாணயத்தை வைத்தாலும் அதைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஆனால் நான் குறைசொல்வது அறிவியல் பிழைக்காக இல்லை. இந்த விளக்கம் கதையை எங்கே தள்ளுகிறது என்பதற்காகத்தான். ஆவிக் கதைக்கு ஆய்வக அங்கி மாட்டியதுபோல ஆகிவிடுகிறது. 'எதிர்மறை ஆற்றல்' என்ற பெயரைச் சூட்டிய கணமே பட்சிராஜனின் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மற்றவர்களுக்கு இல்லாமல் போகிறது. வாதத்துக்குப் பதில் தேவை. தீய ஆற்றல் என்றால் அதைச் செயலிழக்க வைத்தால் போதும். படமும் அதைத்தான் செய்கிறது.

உண்மையான பறவை வரலாற்றில் இதைவிடக் கூர்மையான கதை ஒன்று காத்திருந்தது என்பது என் நீங்காத ஆதங்கம். 1990களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் பதினைந்து ஆண்டுகளில் மறைந்துபோயின. ஏன் என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. 2004இல் குற்றவாளி தெரிந்தது. கால்நடைகளுக்கு வலி தீரக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபெனாக் என்ற மருந்து. அந்த மருந்து உடலில் இருக்கையில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் பழுதாகிவிடும். 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை அரசு தடை செய்தது. திருக்கழுக்குன்றத்து மலைக்கு நாள்தோறும் வந்து பூசாரி கையால் உணவுண்ட இரண்டு கழுகுகளை நம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊரைப் பட்சி தீர்த்தம் என்றே அழைத்தார்கள். அங்கே வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். மாட்டின் வலியைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு போட்ட ஓர் ஊசி, வானத்தையே காலி செய்துவிட்டது. 'எந்திரன்' தீ விபத்துக் காட்சியில் இருந்ததும் இதே அறம்தான். உதவி செய்யப் போய்த் தெரியாமல் கொல்வது. இரண்டு படங்களையும் இணைத்திருக்கக்கூடிய சரடு இங்கே கிடந்தது. சிட்டியும் பட்சிராஜனும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்கக்கூடிய புள்ளியும் இதுதான்.

ஆனால் படம் அவர்களை அப்படிப் பேசவே விடவில்லை. சிட்டிக்கும் பட்சிராஜனுக்கும் நடப்பதெல்லாம் அடிதடிதான். மனிதரல்லாத ஒரு மனமும், மனிதரல்லாத உயிர்களுக்காகவே செத்த ஒரு மனிதனும் எதிரெதிரே நிற்கிறார்கள். மனிதர்களை இருவருமே வெளியிலிருந்து பார்ப்பவர்கள். அவர்கள் நின்று பேசினால் ஒரு பத்து நிமிடக் காட்சி போதுமே! வசனம் ஜெயமோகன். தத்துவ விவாதங்களைப் புனைவுக்குள் கொண்டுவருவதில் தேர்ந்தவர். அப்படிப்பட்டவர் உடனிருந்தும் அந்த உரையாடலுக்குத் திரைக்கதையில் இடமில்லாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது. வசீகரனும் முன்கதையைக் கேட்டு இரங்குகிறார், வழிமுறை தவறு என்கிறார், வேலையைத் தொடர்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கைப்பேசி வைத்திருந்த எல்லோரையும் கொலைகாரர்கள் என்று பட்சிராஜன் தண்டிக்கப் புறப்படுவதை யாரும் ஏற்க முடியாது. ஆனால் அந்த மறுப்பை நிறுவப் படம் உழைக்கவில்லை.

நடிப்பில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பட்சிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்த பிறகு ரஜினிகாந்த் கழுத்தை வெட்டித் திருப்புவதும், பார்வையை ஓரிடத்தில் குத்தி நிறுத்துவதும் பறவையைக் கூர்ந்து கவனித்த ஒருவரின் நடிப்பு. சிட்டியின் முகத்தில் ஒன்றுமே இல்லாமலிருப்பதும், சிவப்புச் சில்லு வந்ததும் அந்த முகத்தில் ஆணவம் வந்து குடியேறுவதும் முதல் படத்தில் இருந்த அதே துல்லியத்தோடு இருக்கின்றன. ஏமி ஜாக்சனின் நிலாவுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அவளும் ரோபோதான், அவளுக்கும் உணர்வு உண்டா என்ற கேள்வியே படத்துக்குத் தோன்றவில்லை. முத்துராஜின் அரங்க அமைப்பு நேர்த்தியானது.

என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது படத்தின் இறுதிப் பகுதி. பட்சிராஜனை எதனாலும் வெல்ல முடியவில்லை. அப்போது 3.0 என்ற குட்டி ரோபோக்கள் வருகின்றன. அவை வருவது புறாக்களின் முதுகில் ஏறி. தாக்கக் கையோங்கிய பட்சிராஜன், புறாக்களுக்கு அடிபடுமே என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில்தான் தோற்கிறார். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். குட்டி ரோபோக்களின் குறும்பும் பேச்சும் சிரிக்க வைப்பவைதான். ஆனால் திரையில் நடந்தது என்ன? பறவைகளுக்காக உயிரைவிட்ட ஒருவரை, பறவைகளைக் கேடயமாகப் பிடித்து வீழ்த்துகிறார்கள். நாயகர்கள் செய்த இந்தக் காரியத்தின் கனத்தைப் படம் உணர்ந்த மாதிரியே தெரியவில்லை. உணர்ந்திருந்தால் அங்கே ஒரு கணம் நின்றிருக்கும். சிட்டி அந்தப் புறாக்களைப் பார்த்திருக்கும், மானம் தெரியாமல் தான் கொன்ற பெண் அதற்கு நினைவுக்கு வந்திருப்பாள், முதல் படத்தின் கேள்வி இரண்டாவது படத்தின் கேள்வியோடு வந்து சேர்ந்திருக்கும். அந்தக் காட்சியில் பட்சிராஜனின் கண்களை மட்டும் பாருங்கள். நகரத்தையே நடுங்க வைத்தவர், ஒரு புறாவின் இறகு கலைந்துவிடக்கூடாது என்று கையை இறக்குகிறார்.